ஷெட் வாடகைக்கு எடுக்கும்போது மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள்

புதுத் தொழிலுக்கு ஷெட் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு வாடகை எவ்வளவு என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்டாலும் நஷ்டமில்லை. வாடகையைப் பேசிக் குறைக்கலாம். சுவருக்கு வெள்ளை அடிக்கலாம், விளக்கு மாட்டலாம், கழிவறையைச் சரிசெய்யலாம். ஷெட்டுக்கு வரும் மின்சாரத்தின் அளவு, தரையின் பலம், கூரையின் உயரம், லாரி வரும் வழி, அங்கே என்ன தொழில் செய்யலாம் என்ற அனுமதி ஆகிய ஐந்தும் வாடகைக்காரர் கையில் இல்லாதவை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஆறாவதாகச் சேர்ந்துகொள்ளும். தேடுகிற நேரத்தையும் உழைப்பையும் இந்த ஆறின் மேல்தான் செலவழிக்க வேண்டும்.

இடம் பார்க்கப் புறப்படும் முன் ஒரு தாளில் மெஷின் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் நீளம், அகலம், உயரம், எடை, எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்), சிங்கிள் பேஸா த்ரீ பேஸா (ஒருமுனை மின்சாரமா மும்முனையா), காற்று வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, கழிவாக என்ன வெளியே வரும் என்று எழுதுங்கள். மெஷின் அடைக்கும் இடத்தைப் போல் மூன்று, நான்கு மடங்கு தரை தேவைப்படும். ஆள் நிற்கவும், கதவு திறக்கவும், மூலப்பொருள் வைக்கவும், முடிந்த சரக்கை அடுக்கவும், ரிப்பேருக்குப் பின்பக்கம் போகவும் எல்லாம் அதில்தான் அடங்க வேண்டும். கையால் இழுக்கும் பாலட் டிரக்குக்கு (சரக்கு அடுக்கிய பலகையைத் தூக்கி நகர்த்தும் வண்டிக்கு) ஒன்றரை முதல் 1.8 மீட்டர் வழி போதும். வழக்கமான ஃபோர்க்லிஃப்ட் திரும்ப மூன்றரை முதல் 4 மீட்டர் வேண்டும். இந்த வித்தியாசம் ஒன்றே சிறிய ஷெட்டில் கால்வாசி இடத்தை விழுங்கிவிடும்.

மின்சாரம்

ஷெட்டில் த்ரீ பேஸ் இருக்கிறதா என்று கேட்டால் எல்லா உரிமையாளரும் இருக்கிறது என்பார்கள். எத்தனை கிலோவாட்டுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல் மின் கட்டண ரசீதில் பாருங்கள்.

உங்கள் தேவையைக் கணக்கிடுவது கடினமில்லை. ஒரு சிறிய மெஷின் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். 10 எச்.பி. கம்ப்ரசர் ஒன்று, 3 எச்.பி. லேத் இரண்டு, 5 எச்.பி. மில்லிங் மெஷின் ஒன்று, 3 எச்.பி. பிரஸ் ஒன்று. மொத்தம் 24 எச்.பி. ஒரு எச்.பி. 0.746 கிலோவாட் என்பதால் இது 17.9 கிலோவாட். மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருப்பது அது வெளியே தருகிற சக்தி. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். மோட்டாரின் திறன் (இழுக்கும் கிலோவாட்டில் சுழலும் சக்தியாக வெளியே வரும் பங்கு) 88 சதவீதம் என்று வைத்தால் சுமார் 20 கிலோவாட். வெல்டிங் செட்டுக்கு 5, விளக்கு, ஃபேன், கம்ப்யூட்டருக்கு 2 சேர்த்தால் 27. எல்லாம் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடாது. பத்தில் ஏழு பங்கு என்று எடுத்தால் 19 கிலோவாட். பவர் ஃபேக்டர் (லைனில் இழுக்கும் மொத்தத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.8 என்றால் லைனில் இழுக்கும் மொத்தம் 24 கே.வி.ஏ. 400 வோல்ட் த்ரீ பேஸில் ஒவ்வொரு பேஸிலும் சுமார் 35 ஆம்பியர் ஓடும்.

ஓடும்போது உள்ள கணக்கு இது. கிளம்பும்போது கணக்கே வேறு. 10 எச்.பி. மோட்டார் முழு லோடில் 15 ஆம்பியர் அளவில் இழுக்கும்; நேரடி ஸ்டார்ட்டரில் போட்டால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 90 ஆம்பியர் வரை போகும். மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும். ஆகவே 35 ஆம்பியர்தானே என்று 40 ஆம்பியர் பிரேக்கர் உள்ள பழைய போர்டை நம்பினால், மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசரைப் போட்டால் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடக்கூடும்.

இருக்கிற லோடு போதாவிட்டால் கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் மிச்சம் இருந்தால் அது விண்ணப்பம், கட்டணம், கேபிள் என்ற அளவோடு முடியும். டிரான்ஸ்ஃபார்மர் நிரம்பியிருந்தால் புதிய கேபிளோ புதிய டிரான்ஸ்ஃபார்மரோ கேட்பார்கள். அந்தச் செலவு உங்களுடையது. நீங்கள் காலிசெய்யும்போது அது கட்டடத்தோடு தங்கிவிடும். எனவே கூடுதல் லோடு கிடைக்குமா என்பதை மின்வாரியத்தில் எழுத்தில் கேட்டு வாங்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். கடந்த 12 மாத ரசீதுகளையும் வாங்கிப் பாருங்கள். பழைய வாடகைக்காரரின் பாக்கி, பவர் ஃபேக்டர் அபராதம், இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். குடோனுக்கு வாங்கிய இணைப்பில் உற்பத்தி நடத்தினால் கட்டண வகை மாறும், சில இடங்களில் அபராதமும் வரும்.

மின்சாரத்தின் தரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பக்கத்து ஷெட்டுகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நேரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனோடு போய், மூன்று பேஸ்களுக்கும் இடையே வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். 410, 402, 388 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 400. அதிலிருந்து அதிகபட்ச விலகல் 12. ஆகவே சமநிலையின்மை 3 சதவீதம். பார்க்கச் சிறிய எண். ஆனால் வோல்டேஜில் உள்ள சிறு வித்தியாசம் மோட்டாரின் கரண்டில் பல மடங்காகப் பெருகி வைண்டிங்கைச் சூடாக்கும். 3 சதவீதம் இருந்தால் மோட்டாரிடம் அதன் பெயர்ப்பலகையில் உள்ள சக்தியில் 88 சதவீத வேலைதான் வாங்கலாம். 5 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தால் இது எதுவும் தெரியாது.

தரை

சிமெண்ட் தரை மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். 5 டன் மெஷின் 10க்கு 10 சென்டிமீட்டர் பாதம் நான்கில் நின்றால், மொத்தம் 400 சதுர சென்டிமீட்டரில் 5000 கிலோ: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12.5 கிலோ. ரேக் இதைவிட மோசம். மூன்று தட்டு, தட்டுக்கு இரண்டு பாலட், பாலட்டுக்கு ஒரு டன் என்றால் இரண்டு ஃபிரேமுக்கு இடைப்பட்ட ஒரு பகுதிக்கு 6 டன். வரிசையின் நடுவில் நிற்கும் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பக்கத்திலும் பாதிப்பாதி தாங்கும். அதில் இரண்டு கால். ஆகவே காலுக்கு 3 டன். கால் தகடு 12க்கு 12 சென்டிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோ.

இதைத் தாங்குமா என்பது கான்கிரீட்டின் கனம், அதற்கு அடியில் மண்ணை எப்படி இறுக்கினார்கள், ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டட வரைபடத்தைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஓரிடத்தில் கோர் துளையிட்டு (உருளையாக ஒரு துண்டை வெட்டியெடுத்து) கனம் பார்க்க அனுமதி கேளுங்கள். அதோடு சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். அடியில் மண் இறங்கி வெற்றிடமான இடத்தில் ஓசை மாறும். மயிரிழை வெடிப்பு எல்லாத் தரையிலும் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெடிப்பின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் அந்தத் தரை அசைந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் நிறுத்தும் மெஷின் லெவலில் நிற்காது, அளவு தவறிய பொருள்தான் வெளியே வரும்.

மாடியில் உள்ள இடம் வாடகை குறைவாகக் கிடைக்கும். அலுவலகம், தையல், அசெம்பிளி போன்ற லேசான வேலைக்கு அது சரி. வீட்டுக்கென்று கட்டிய தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். தொழிற்கூடத் தளத்துக்கு 500 முதல் 1000 கிலோ வரை வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதித் தராமல் மாடியில் கனமான மெஷினையோ காகித, துணி ஸ்டாக்கையோ ஏற்றாதீர்கள். காகிதக் கட்டு அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னை எளிதில் தாண்டும் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

தரையில் எண்ணெய் ஊறிய கறை, அமிலம் அரித்த இடம், வர்ணத் தூள் படிந்த மூலை இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு அங்கே முலாம் பூசும் வேலையோ ரசாயன வேலையோ நடந்திருந்தால் மண்ணே கெட்டிருக்கலாம். அந்தப் பழி பின்னால் உங்கள்மேல் வராமல் இருக்க, குடியேறும் முன்பே படம் எடுத்து ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். தீவிர சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனையே நல்லது.

உயரமும் வழியும்

ஷெட்டின் உயரம் 6 மீட்டர் என்றால் அது பெரும்பாலும் கூரை உச்சியின் உயரம். உங்களுக்கு வேண்டியது ட்ரஸின் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின்) அடிக்கம்பிக்குக் கீழே, ஓரத்தில், விளக்கும் குழாயும் போக மிஞ்சும் உயரம். அது 4 மீட்டராக இருக்கலாம். டேப்பை நீங்களே பிடித்து அளங்கள். ட்ரஸில் செயின் புல்லி தொங்கவிடலாமா என்று கேட்டால் தொங்கவிடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஷீட்டைத் தாங்க மட்டும் போட்ட ட்ரஸ் ஒரு டன்னைத் தாங்காது. கூரை பழைய சிமெண்ட் ஷீட் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். துளை போடுவதும் உடைப்பதும் ஆபத்து. எக்ஸாஸ்ட் குழாய் எங்கே வெளியேறும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

காற்றோட்டத்துக்கு ஒரு கணக்கு. கம்ப்ரசர் உள்ளே இழுக்கும் சக்தி ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறும். 7.5 கிலோவாட் வெப்பத்தை அறையின் சூடு 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியே தள்ள, மணிக்குச் சுமார் 4500 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகையில் இது தானாக நடக்காது. கம்ப்ரசரை வெளியே வைக்கச் சாய்ப்பு இறக்க அனுமதி உண்டா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வழிக்கு, வரப்போகும் மிகப் பெரிய வண்டியைக் கணக்கில் வையுங்கள். உயரமான வகைக் கன்டெய்னர் மட்டுமே 2.9 மீட்டர், ட்ரெய்லரின் மேல் ஏறினால் 4.2 மீட்டரைத் தொடும். 40 அடி கன்டெய்னர் வண்டியின் மொத்த நீளம் 15, 16 மீட்டர். முழுதாகத் திரும்ப 25 மீட்டர் அகலம் வேண்டும். அது இல்லாத தெருவில் சரக்கைச் சின்ன வண்டிக்கு மாற்றி ஏற்றும் கூலி ஒவ்வொரு லோடிலும் சேர்ந்துகொண்டே போகும். லோடிங் மேடை இல்லாவிட்டால், கன்டெய்னரின் தளம் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஷெட் தரை சாலையை விடத் தாழ்ந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளேதான் வரும். சுவரின் அடியில் கோடு போட்டதுபோல் கறை இருந்தால் ஏற்கெனவே வந்திருக்கிறது.

அனுமதி

அந்த மனையில் தொழில் செய்யலாமா, கட்டடம் குடோனாக அனுமதி பெற்றதா தொழிற்கூடமாகவா, உங்கள் குறிப்பிட்ட தொழிலுக்குத் தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு உரிமங்கள் அங்கே கிடைக்குமா என்பது மூன்று தனித்தனிக் கேள்விகள். பக்கத்து ஷெட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அதனால் நாமும் அடிக்கலாம் என்பது பதில் ஆகாது. கழிவுநீர் வருகிற தொழில் என்றால் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்து ஷெட்டோடு கூரை ஒன்றாக இருந்து நடுச்சுவர் பாதியில் நின்றிருந்தால், அங்கே பிடிக்கும் தீயும் கிளம்பும் தூசியும் இங்கே வரும். காப்பீட்டு நிறுவனம் இதைக் கட்டாயம் கேட்கும். கையெழுத்துக்கு முன்பே அவர்களிடம் விலை கேட்பது நல்லது.

ஒப்பந்தம்

முதலில் பரப்பளவு. 2000 சதுர அடி என்கிறார்கள். சுவரின் வெளிப்புறம், பொது வழி, படிக்கட்டுப் பங்கு எல்லாம் கழித்து உள்ளே அளந்தால் 1640 இருக்கிறது என்றால், நீங்கள் பயன்படுத்தும் அடிக்குக் கொடுக்கும் வாடகை 22 சதவீதம் அதிகம். இரண்டு ஷெட்டுகளை ஒப்பிடும்போது உள் அளவை வைத்தே ஒப்பிடுங்கள்.

வாடகை எந்த நாளிலிருந்து ஓடும் என்பது தொகையைவிட முக்கியம். புதுத் தொழிலில் வரிசை இப்படித்தான்: ஒப்பந்தம் இருந்தால்தான் உரிமத்துக்கும் மின்சாரத்துக்கும் விண்ணப்பிக்க முடியும், மின்சாரம் வந்தால்தான் வயரிங் முடியும், வயரிங் முடிந்தால்தான் மெஷின் ஓடும். இத்தனை மாதங்களும் வருமானமின்றி வாடகை போகும். ஆகவே மின்சாரம் கிடைக்கும் நாளிலிருந்து வாடகை என்று கேளுங்கள். மறுத்தால் இரண்டு, மூன்று மாதம் வாடகையில்லாக் காலமாவது வாங்குங்கள். அதோடு ஒரு வரி கட்டாயம் வேண்டும்: தொழில் உரிமமோ தேவையான மின் லோடோ குறிப்பிட்ட தேதிக்குள் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் முழுதும் திரும்ப. இந்த ஒரு வரிக்காக நல்ல ஷெட்டைக்கூட விட்டுவரலாம் என்பேன்.

ஏற்றத்தைச் சதவீதமாக மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு 5 சதவீதம், மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். முதல் ஆண்டு வாடகையை 1 என்று வைத்தால் ஆறு ஆண்டில் முதலாவதில் 6.80 கொடுப்பீர்கள், இரண்டாவதில் 6.45. ஆரம்ப மூன்றாண்டில் பணம் கையில் நிற்பது இரண்டாவதில்தான்.

லாக்-இன் காலம் (ஒப்பந்தத்தை விட்டு வெளியேற முடியாத காலம்) இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. மெஷினை அஸ்திவாரம் போட்டு இறக்கியவரை ஓராண்டில் காலிசெய்யச் சொன்னால் தொழிலே போகும். எனவே உரிமையாளர் முழுக் காலத்துக்கும் கட்டுப்பட வேண்டும். வாடகைக்காரருக்கு 6 முதல் 12 மாதம், அதன்பின் மூன்று மாத முன்னறிவிப்பில் வெளியேறும் உரிமை. 36 மாத லாக்-இன்னுக்குச் சம்மதித்துவிட்டு எட்டாம் மாதம் தொழிலை நிறுத்தினால் மீதி 28 மாத வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். நீங்கள் தனிப்பட்ட ஜாமீனும் கொடுத்திருந்தால் அது வீட்டு வாசல்வரை வரும். பேசிப் பார்த்தும் குறைக்க மறுத்தால், நாம் கொண்டுவரும் மாற்று வாடகைக்காரரை ஏற்கும் நாளோடு பொறுப்பு முடியும் என்றாவது எழுதி வாங்குங்கள்.

பரஸ்பர சம்மதத்தின்பேரில் புதுப்பிக்கலாம் என்ற வரி உங்களுக்கு எதையும் தருவதில்லை. இத்தனை சதவீத ஏற்றத்தில் வாடகைக்காரர் விரும்பினால் இன்னும் இத்தனை ஆண்டு என்று இருந்தால்தான் அது உரிமை. உள்வாடகை விடக் கூடாது, யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற விதியையும் கவனியுங்கள். இன்று தனிநபராகத் தொடங்கி, அடுத்த ஆண்டு அதையே கம்பெனியாகப் பதிவுசெய்தால் சட்டத்தின் கண்ணில் வேறு ஆள் ஆகிவிடுவீர்கள். சொந்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விலக்கு கேட்டு வாங்குங்கள்.

எதிரே கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று பாருங்கள். சொத்து மூன்று பேர் பெயரில் இருந்தால் மூவரும் போட வேண்டும், அல்லது அதிகாரம் கொடுத்த ஆவணம் வேண்டும். சொத்தின்மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் அவர் கடன் கட்டாதபோது வெளியேறுவது நீங்கள். சொத்தை விற்றால் புதிய உரிமையாளருக்கும் இந்த ஒப்பந்தமும் முன்பணப் பொறுப்பும் உண்டு என்று எழுத வேண்டும். பதிவு செய்ய வேண்டிய ஒப்பந்தத்தை, கட்டணத்தை மிச்சப்படுத்த, பதிவு செய்யாமல் வைப்பது எந்த நாளும் உங்களுக்குத்தான் பாதகம்.

பழுதுகளில் கூரை, தூண், வெளிச்சுவர், நிலத்தடிக் குழாய் உரிமையாளருக்கு. உள்ளே உள்ளவை உங்களுக்கு. இதில் மழுப்பல் கூடாது, ஏனெனில் ஒழுகும் கூரை மெஷினுக்கு மேலேதான் ஒழுகும். குடியேறும் நாளில் தரை, சுவர், ஷட்டர், கூரை, பேனல் போர்டு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, மீட்டர் ரீடிங்கைக் குறித்து, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தில் இணையுங்கள். காலிசெய்யும்போது எதை எடுத்துப் போகலாம் என்பதற்கும் பெயர் சொல்லியே ஒரு பட்டியல் வேண்டும்: பேனல் போர்டு, கேபிள், ஏர் லைன், ரேக், கிரேன், ஏ.சி. பெயர் இல்லாததைக் கட்டடத்தோடு சேர்ந்தது என்று உரிமையாளர் சொல்லக்கூடும். மெஷின் அஸ்திவாரத்தை உடைத்துத் தரையைப் பழையபடி ஆக்கித் தர வேண்டுமா, அப்படியே விடலாமா என்பதும் அதில் இருக்கட்டும். அதிர்வு தாங்கும் பேட் வைத்து நிறுத்தக்கூடிய மெஷினுக்கு அஸ்திவாரமே வெட்டாதீர்கள். முன்பணம் சாவி கொடுத்த எத்தனை நாளில் வரும், எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம், தாமதமானால் என்ன வட்டி என்ற மூன்றையும் எண்ணாகவே எழுதுங்கள். சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை என்ற சொற்களும் அதே பத்தியில் வர வேண்டும்.